‘நாவலர்’ என்ற பட்டத்துக்கு எத்தனை புள்ளி?

நாவலர் வீதி, நாவலர் மண்டபம், நாவலர் குருபூசை. நல்லூர்ப் பக்கம் இந்தச் சொல்லைச் சொல்லாமல் ஒரு நாள் போகாது. ஆனால் அது பெயரில்லை, பட்டம். கந்தப்பிள்ளையின் மகன் ஆறுமுகம் 1822 இல் நல்லூரில் பிறந்தார். 1849 இல்தான் ‘நாவலர்’ ஆனார். யார் குடுத்தது, எதைப் பார்த்துக் குடுத்தது எண்டு நாங்கள் பெரிசாகக் கேட்கிறதில்லை.

பேர்சிவல் பாதிரியாரோடு செய்துவந்த வேலையை விட்டு, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். பள்ளிக்குப் புத்தகம் வேணும், புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேணும். அதை வாங்க அடுத்த வருடம் தமிழகம் போனபோது திருவாவடுதுறை ஆதீனத்தில் தங்கினார். அங்கே அவர் செய்த சைவப் பிரசங்கத்தைக் கேட்டு, சாத்திர அறிவைக் கண்டு ஆதீனம் கொடுத்ததுதான் இந்தப் பட்டம். வயசு 26. எங்களை விட நாலைந்து வயசுதான் கூட.

இண்டைக்கு இதே வேலையை ஒரு எண் செய்கிறது. 2008 இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உங்கட பதிலுக்கு ஒருவர் ஆதரவு வாக்குப் போட்டால் 10 புள்ளி. கேள்வி கேட்டவரே அதை ஏற்றுக்கொண்டால் 15. எதிர்வாக்கு விழுந்தால் 2 குறையும். வாக்குப் போடுகிற உரிமையும் சும்மா வராது: ஆதரிக்க 15 புள்ளி வேணும், எதிர்க்க 125. யார் போட்டது எண்டு மட்டும் தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது தெரியும். அந்தக்கால நூல்களின் முன்பக்கங்களைப் புரட்டுங்கோ, சாற்றுகவிகள் வரிசையாக நிற்கும். இன்ன ஊர், இன்னார் மாணாக்கர், இன்ன வித்துவான் எண்டு பாராட்டுகிறவரின் விலாசமே இருக்கும். (பல சாற்றுகவி நட்புக்காக எழுதினது எண்டது வேற கதை.) நூல் பிழையென்றால் பாராட்டினவரின் பெயரும் அதே தாளில் கிடந்து நாறும். எங்களுக்குப் பிடித்த விஷயம் இதுதான்: மதிப்புக் கொடுக்கிறவர் தன்ர மதிப்பையும் பணயம் வைக்கிறார். திருவாவடுதுறையும் அப்படித்தான் வைத்தது. அதுக்குப் பிறகு வந்த புத்தகங்களில் ‘யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுகநாவலர்’ எண்ட அச்செழுத்தே பாதி வேலையைச் செய்தது.

எதிர்வாக்கும் இருந்தது, கண்டனம் என்ற பெயரில். வள்ளலாரின் பாடல்களை ‘அருட்பா’ எண்டு சொல்லலாமோ என்ற சண்டை முற்றி, 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நாவலர் வழக்கே போட்டார். சிதம்பரத்தில் நடந்த கூட்டமொன்றில் ‘நாவலர்’ என்ற சொல்லுக்கே கேலியாகப் பொருள் சொன்னார்கள் எண்டு நாவலர் பக்கத்துக் கதை சொல்லும். கதை உண்மையோ இல்லையோ, அடி எங்கே விழுந்தது எண்டு பாருங்கோ. ஆளுக்கில்லை, பட்டத்துக்கு.

ஆனால் இந்த முறையை மெச்சிக்கொண்டே போக எங்களால் முடியவில்லை. மடத்தில் பேசவும், பேசினதை மதிப்பிடவும் யாருக்கு இடமிருந்தது? பெண்களுக்கு இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு இல்லை. நாவலரின் சைவமே சாதி வரம்பைக் கைவிடாத சைவம். எதிர்வாக்குக்கு 125 புள்ளி கேட்கிற தளத்தில் இண்டைக்கு இல்லாட்டி அடுத்த மாதமாவது அதைச் சேர்க்கலாம். பிறப்பால் மறுக்கப்பட்டதை எத்தனை பதில் சொல்லிச் சேர்க்கிறது? அந்தச் சபைக்கு வெளியே எத்தனை பேர் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்திருப்பார்கள் எண்டதுக்கு ஏடுமில்லை, அச்சுமில்லை.

அதே காலத்தில் வேறொரு அளவுகோலும் வந்துவிட்டது: பரீட்சை. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. மடம் கொடுக்காத, ஆங்கிலேயர் கொடுத்த பி.ஏ. தாளில் எழுதி எடுத்தது. யாரும் பாட்டுப் பாடிச் சான்று சொல்லத் தேவையில்லை. அந்த மனிசன் 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தபோது, ஏட்டைப் பரிசோதித்துத் தரச்சொல்லி நாடினது பல்கலைக்கழகத்தை அல்ல. நல்லூர் ஆறுமுகநாவலரை.