மூடப்பட்ட வகுப்பு: இதழியல் மேற்படிப்பின் வரலாற்றிலிருந்து ஒரு பக்கம்

இதழியல் படிப்பு பற்றி நம் வட்டாரத்தில் பேச்செடுத்தால் இரண்டே குரல்தான் கேட்கும். 'பத்திரிகைக்காரனுக்கு டிகிரி எதுக்கு, தெருவில் அலைந்து கற்றுக்கொள்ள வேண்டியதை வகுப்பில் சொல்லித்தர முடியுமா?' என்பது ஒன்று. 'முறையான பயிற்சி இல்லாததால்தான் நம் பத்திரிகைகள் இந்த லட்சணத்தில் இருக்கின்றன' என்பது இன்னொன்று. முதலாவதில் கலகத்தின் தொனி, இரண்டாவதில் சீர்திருத்தத்தின் தொனி. இரண்டுமே ஒரு கேள்வியைத் தாண்டிக்குதித்துவிடுகின்றன: வகுப்பறையோ செய்தி அறையோ, உள்ளே விடுவது யார், வாசலில் நிறுத்துவது யார்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

மிசௌரிக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்த ஜோசப் புலிட்சர் 1868இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு ஜெர்மன் மொழிப் பத்திரிகையில்தான் நிருபர் வேலை பழகினார். பிற்பாடு நியூயார்க்கில் பத்திரிகை முதலாளியானவர், 1892இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திடம் இதழியல் பள்ளி ஒன்று தொடங்கப் பணம் தருவதாகச் சொன்னார். வேண்டாமென்று விட்டார்கள். 1903இல்தான் 20 லட்சம் டாலர் நன்கொடைக்கு ஒப்பந்தமானது. அவர் செத்த மறு வருஷம், 1912இல், பள்ளி திறந்தது. 1935இல் அது பட்டதாரிகளுக்கு மட்டுமான மேற்படிப்புப் பள்ளியாக மாறியது. இதற்கெல்லாம் முன்னாலேயே 1908இல் மிசௌரி பல்கலைக்கழகம் தன் இதழியல் பள்ளியைத் தொடங்கிவிட்டது. அதை நிறுவிய வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் படியே ஏறாதவர். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் தலைவரும் ஆனார். பட்டம் என்ற கதவைச் செய்து மாட்டியவர்கள் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்குப் பட்டம் இயற்கையான நிபந்தனையாக எப்போதும் இருந்ததில்லை, ஒரு காலத்தில் சிலர் கூடி உண்டாக்கியது என்பதற்காகச் சொல்கிறேன்.

வில்லியம்ஸ் 1914இல் பத்திரிகையாளருக்கான ஓர் அறநெறிப் பிரகடனம் எழுதினார். பத்திரிகை பொதுமக்களின் நம்பிக்கைக்குக் கட்டுப்பட்டது என்பது அதன் சாரம். அந்தப் பள்ளிக்குச் சீனாவிலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்து படித்துப் போனார்கள். பெய்ஜிங்கின் யென்சிங் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை உருவாகவும் மிசௌரி கை கொடுத்தது. உலகத்துக்கே திறந்த வாசல்தான். ஆனால் சொந்த மாநிலத்தின் கறுப்பர்களுக்கு அது திறக்காது. அந்தப் 'பொதுமக்களில்' அவர்கள் சேர்த்தி இல்லை.

லூசில் புளூஃபோர்ட் கான்சாஸ் சிட்டியில் வளர்ந்தவர். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். மிசௌரி சேர்க்காது என்பதால் பக்கத்து மாநிலமான கான்சாஸின் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்து 1932இல் பட்டம் வாங்கினார். 'கான்சாஸ் சிட்டி கால்' என்ற கறுப்பர் வாரப் பத்திரிகையில் சேர்ந்து அதன் நிர்வாக ஆசிரியராகவும் ஆகிவிட்டார். 1939இல் மிசௌரியின் இதழியல் முதுகலைக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 27.

அதற்குச் சற்று முன்பு, 1938 டிசம்பரில், லாயிட் கெய்ன்ஸ் என்ற கறுப்பு இளைஞரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. கறுப்பு மாணவரை 'வேறு மாநிலத்தில் போய்ப் படி, ஃபீஸை நாங்கள் கட்டுகிறோம்' என்று அனுப்பிவிட முடியாது; வெள்ளையருக்குச் சட்டப் படிப்பு இருந்தால் அவருக்கும் மாநிலத்துக்குள்ளேயே சமமாக இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. 'தனியாக, ஆனால் சமமாக' என்ற பித்தலாட்டத்தை அது உடைக்கவில்லை. அதற்கு விலை மட்டும் வைத்தது. கெய்ன்ஸ் 1939 மார்ச்சில் சிகாகோவில் காணாமல் போனார். இன்றுவரை தடயமில்லை.

புளூஃபோர்டின் மதிப்பெண் சான்றுகள் தபாலில் போயின. சான்றில் நிறம் தெரியாதே. சேர்த்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. ஜனவரியில் நேரில் போய் நின்றதும்தான் அவர் யாரென்று தெரிந்தது; திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினொரு முறை முயன்றார் என்கிறது வரலாறு. கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தின் துணையோடு பதிவாளர் மீது வழக்குப் போட்டார். பதிவாளரின் பெயர் கனடா. வழக்குக்கும் அவர் பெயர்தான். சார்ல்ஸ் ஹூஸ்டன் வக்கீல்.

1941இல் மிசௌரி உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளியது. தள்ளிய விதம்தான் கவனிக்க வேண்டியது. கறுப்பர்களுக்கான லிங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் இந்தப் படிப்பைக் கேட்க வேண்டும், ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும், அங்கே முடியாவிட்டால் மிசௌரி சேர்த்தாக வேண்டும் என்றது. 1942இல் லிங்கனில் அவசரமாக ஓர் இதழியல் பள்ளி முளைத்தது. அதே வருஷம் மிசௌரி தன்னுடைய இதழியல் முதுகலைப் படிப்பையே இழுத்து மூடியது. யுத்தத்தால் ஆசிரியரும் இல்லை, மாணவரும் இல்லை என்று காரணம் சொன்னார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சமமாக உட்கார வைப்பதைவிட யாருமே உட்காராமல் இருப்பது மேல் என்று ஒரு நிறுவனம் முடிவெடுக்கிறது. ஊர்க் குளத்தில் எல்லோரும் இறங்கலாம் என்றதும் குளத்தையே தூர்த்துவிடுகிற புத்தி இது, நமக்குப் பழக்கமானதுதான். அறிவுக்கும் தரத்துக்கும் காவலாக நிற்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு பள்ளி, தரத்தைக் கைவிட்டது, காவலைக் கைவிடவில்லை.

அப்படியானால் 'டிகிரி எதுக்கு?' என்ற கலகக் குரல் சரிதானே என்று கேட்கலாம். புளூஃபோர்டுக்கு அந்தப் பட்டம் தேவைப்படவில்லை. ஏற்கெனவே ஆசிரியர். 1955இல் பத்திரிகையின் ஆசிரியத் தலைமைக்கே வந்தார். 2003இல் சாகும்வரை அந்தப் பத்திரிகைக்காரராகவே இருந்தார். ஆனாலும் நான் அந்தக் குரலோடு சேர மாட்டேன். காரணம் இருக்கிறது. நான் முதன்முதலாக நிருபர் வேலை கேட்டுப் போன இடத்தில் யாரும் டிகிரி கேட்கவில்லை. 'தம்பி யாரு சொல்லி வந்தீங்க?' என்றுதான் கேட்டார்கள். அடுத்த கேள்வி சொந்த ஊர், அதற்கடுத்தது அந்த ஊரில் எந்தத் தெரு. எந்தப் பட்டமும் வேண்டாத, தெருவே பல்கலைக்கழகமான அந்தத் தொழிலில் தெருவுக்கு வேறு அர்த்தம் இருந்தது. பல்கலைக்கழகத்தின் கதவுக்கு எழுதப்பட்ட விதி ஒன்று உண்டு: இவ்வளவு மதிப்பெண், இந்தத் தேதிக்குள் விண்ணப்பம். விதி இருந்ததால்தான் புளூஃபோர்டால் மீறலைச் சுட்டிக்காட்டிக் கோர்ட்டுக்குப் போக முடிந்தது. செய்தி அறைக் கதவுக்கு விதியே கிடையாது. அங்கே தோற்றவன் வழக்குப் போடக்கூட வழியில்லை.

அமெரிக்காவிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மிசௌரி பல்கலைக்கழகம் 1950இல் கறுப்பு மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. ஆனால் 1967 நகரக் கலவரங்களை விசாரித்த கெர்னர் கமிஷன் 1968இல் அறிக்கை கொடுத்தபோது, செய்தித்துறையின் ஆசிரியப் பணிகளில் கறுப்பர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆசிரியர் மற்றும் மேற்பார்வை நிலையில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அதே வருஷம் கொலம்பியா சிறுபான்மையினருக்காக ஒரு கோடைப் பயிற்சி தொடங்கியது; 1974இல் நின்றுவிட்டது. அதில் ஈடுபட்டிருந்த சில பத்திரிகையாளர்கள்தான் பெர்க்லியில் மறுபடி நடத்தினார்கள். பள்ளி கைவிட்டதைத் தொழிலில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நம் பக்கம் திரும்பினால், 1941இல் லாகூரில் பி.பி. சிங் பல்கலைக்கழகத் துறை தொடங்கினார். 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. 1996இல் 'வாஷிங்டன் போஸ்ட்'டின் டெல்லி நிருபர் கென்னத் கூப்பர், ஒரு கறுப்பர், பி.என். உனியாலிடம் பேச ஒரு தலித் பத்திரிகையாளரைக் கேட்டார். முப்பது வருஷம் தொழிலில் இருந்த உனியாலுக்கு ஒருவரையும் தெரியவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேரின் பட்டியலை எடுத்தார். 454 பேருக்குப் பெயரிலேயே சாதி இருந்தது. மீதி 232 பேரில் 47 பேருக்குப் போன் போட்டார். ஒருவர்கூட தலித் இல்லை. பல்கலைக்கழகத் துறைகளில் இட ஒதுக்கீடு இருந்த காலம் அது. படித்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

இன்று பத்திரிகைக் குழுமங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் தனியார் இதழியல் நிறுவனங்களில் கட்டணம் லட்சங்களில் இருக்கிறது. வேலை பெரும்பாலும் அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. விதி எழுதிய கதவும் விதியில்லாத கதவும் ஒன்றாகிக்கொண்டு வருகின்றன. 1984இல் மிசௌரி இதழியல் பள்ளி புளூஃபோர்டுக்குக் கௌரவப் பதக்கம் கொடுத்தது. 1989இல் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. விண்ணப்பித்து ஐம்பது வருஷம் கழித்து! நிறுவனங்கள் மாலை போடத் தாமதிப்பதில்லை, தங்களுக்கு ஆபத்து தீர்ந்த பிறகு. நமக்கு மாலை வேண்டாம். சேர்க்கைப் பட்டியலையும் வேலைக்கு எடுக்கும் விதியையும் ஒவ்வொரு பள்ளியும் பத்திரிகையும் எழுதி வெளியே ஒட்டட்டும். டிகிரி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தை எல்லோரும் உள்ளே உட்கார்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.