மனோதத்துவம் மக்களிடம் வந்த வரலாறு

தன் மனம் எப்படி இயங்குகிறது என்று அறிந்துகொள்ளும் ஆவல் மனிதனுக்கு ஆதி நாளிலிருந்தே உண்டு. ஆனால் அந்த மனத்தைப் பரிசோதனைகளால் ஆராய்ந்து உண்மையை நிச்சயிக்கும் சாஸ்திரமோ, வில்ஹெல்ம் வுண்ட் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1879-ல் லைப்ஸிக் சர்வகலாசாலையில் ஆய்வுக்கூடம் அமைத்த நாளிலிருந்து கணக்கிட்டால், மிகவும் இளையது. ஆவல் முந்தியும் சாஸ்திரம் பிந்தியும் வந்தபடியால், இடைக்காலத்தில் ஜனங்களுக்கு விடை சொல்ல வேறு பலர் புறப்பட்டார்கள். அவர்களிடமிருந்து அந்த இடத்தை மீட்க அறிஞர்கள் செய்த முயற்சியின் வரலாறு, அமெரிக்க தேசத்தில் தெளிவாகக் காணக் கிடைக்கிறது.

மண்டையோட்டின் மேடு பள்ளங்களைக் கொண்டே ஒருவனுடைய குணங்களைக் கணித்துவிடலாம் என்ற கொள்கையை, வியன்னாவில் வாழ்ந்த ஃபிரான்ஸ் ஜோசப் கால் என்ற வைத்தியர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உபதேசித்தார். அவருடைய சீடரான ஸ்பர்ட்ஸ்ஹைம் 1832-ல் அமெரிக்காவுக்கு வந்து பிரசங்கங்கள் செய்து, அவ்வாண்டிலேயே பாஸ்டன் நகரில் காலமானார். ஆயினும் அவர் விதைத்தது முளைத்துவிட்டது. ஃபவுலர் சகோதரர்கள் நியூயார்க்கில் கடை வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு தலையைத் தடவிப் பலன் சொன்னதோடு, பகுதி பகுதியாகக் குணங்களின் பெயர் எழுதிய பீங்கான் தலைகளையும் விற்றார்கள். பாரீஸைச் சேர்ந்த ஃப்ளூராங்ஸ் என்ற உடலியல் அறிஞர், பிராணிகளின் மூளையில் செய்த சோதனைகளால் இந்தக் கபால சாஸ்திரத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டிய பிறகும், 1838-ல் தொடங்கிய அமெரிக்கக் கபால சாஸ்திரப் பத்திரிகை 1911 வரையில் நடந்துகொண்டிருந்தது. மறுப்பு பண்டிதர்களின் சபையில் ஒலித்தது; பிரசாரமோ கடைத்தெருவில், எளிய பாஷையில், விலைக்குக் கிடைத்தது. பொய் நெடுநாள் பிழைத்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இந்நிலையில், மெய்யான சாஸ்திரத்தைப் பயின்றவர்களில் சிலர் ஜனங்களை நோக்கித் திரும்பினார்கள். பன்னிரண்டு ஆண்டு உழைத்து 1890-ல் இரண்டு பெரும் பாகங்களாகத் தம் மனோதத்துவ நூலை வெளியிட்ட ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ், 1892-ல் பள்ளி ஆசிரியர்களுக்கென்று பிரசங்கங்கள் செய்து, 1899-ல் அவற்றைப் புத்தகமாக்கினார். மனோதத்துவத்திலிருந்து பாடம் நடத்தும் சூத்திரங்களை நேராக எடுத்துக்கொள்ள முடியாது, கற்பித்தல் தனிப்பட்ட கலை என்று அவர் கேட்போரிடம் முதலிலேயே சொல்லிவிட்டது, தாம் கற்ற சாஸ்திரத்தின் எல்லையை உணர்ந்த மேலோனுடைய செயலாகும். விஸ்கான்ஸின் சர்வகலாசாலையின் ஜோசப் ஜாஸ்ட்ரோவோ, 1893-ல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் மனோதத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றையே நிறுவி, பார்க்க வந்த சாமானிய மக்கள் தங்கள் பார்வையையும் தொடு உணர்ச்சியையும் ஞாபக சக்தியையும் கருவிகளால் தாங்களே சோதித்தறியும்படி செய்தார். பலன் கேட்டுப் போன ஜனங்களுக்கு அளந்து பார்க்கும் முறையை அவர் காட்டியது, பெரும் சேவை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் போலிகளால் மட்டுமே தீங்கு நேர்ந்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. வெளியே காணும் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்ற நடத்தைவாதத்தின் தலைவரென்று புகழ் பெற்ற ஜான் வாட்ஸன், 1928-ல் எழுதிய சிசு பராமரிப்பு நூலில், குழந்தைகளைக் கட்டி அணைக்கவும் முத்தமிடவும் கூடாதென்று தாய்மார்களுக்குப் புத்தி சொன்னார். போதிய சான்றில்லாத அந்தப் போதனை, விஞ்ஞானத்தின் பெயராலேயே வீடுகளுக்குள் நுழைந்தது. கேட்பவர்கள் எளிதில் இசைந்துவிடுகிறார்கள் என்பதற்கு, பெர்ட்ராம் ஃபோரர் என்ற மனோதத்துவ அறிஞர் 1949-ல் வெளியிட்ட சோதனை சாட்சியாகும். அவர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணப் பரீட்சை வைத்து, பின்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியதுபோல ஒரு வர்ணனையைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறதென்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னபோது, சராசரி 4.26 வந்தது, கொடுத்த வர்ணனையோ எல்லோருக்கும் ஒன்றே, அதன் வாசகங்களில் பெரும்பாலானவை ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை!

1969-ல் வாஷிங்டனில் கூடிய அமெரிக்க மனோதத்துவ சங்கத்தின் மகாநாட்டில், தலைமையுரை ஆற்றிய ஜார்ஜ் மில்லர், மனோதத்துவ அறிவை நிபுணர்களின் தனிச்சொத்தாக வைத்திராமல், தங்கள் வாழ்க்கைச் சிக்கல்களைத் தாங்களே தீர்த்துக்கொள்ளும்படி ஜனங்களுக்குத் தானமாக வழங்கிவிட வேண்டுமென்று வேண்டினார். சொல்வது எளிது, செய்வது அரிது; அதே சங்கம் 1983-ல் 'சைக்காலஜி டுடே' என்ற ஜனரஞ்சகமான பத்திரிகையை விலைக்கு வாங்கி, நஷ்டம் தாங்காமல் 1988-ல் விற்றுவிட்டது.

ஜேம்ஸும் ஜாஸ்ட்ரோவும் வெற்றி பெற்ற இடத்தில் வாட்ஸன் வழுவியது ஏன் என்று ஆராய்ந்தால், முன்னிருவரும் முடிவோடு அதன் எல்லையையும், அது கிடைத்த வழியையும் காட்டினார்கள் என்பதும், பின்னவர் கட்டளையை மட்டும் கொடுத்தார் என்பதும் விளங்கும். கற்றவர்கள் மௌனம் சாதித்தால் கல்லாதவர்கள் பேசுவார்கள். ஆகையால் கற்றவர்கள் எளிய நடையில் பேசத்தான் வேண்டும், அறிந்த அளவுக்கு மட்டுமே பேச வேண்டும். வாசகர்களும், தம் மனத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், 'இதை எப்படிக் கண்டீர்கள்?' என்று கேட்ட பின்னரே ஏற்றுக்கொள்ளும் வழக்கத்தை மேற்கொள்வார்களாக.