ஒருங்கு: ஒரு குட்டி நிரலுக்கு உரை

நிரலை மேலிருந்து கீழாகப் படித்தே பழகியவர்கள் நாம். விடுமுறை நாட்களில் நான் செதுக்கிவரும் ‘ஒருங்கு’ என்ற விளையாட்டு மொழியில் மேலும் இல்லை, கீழும் இல்லை. மணி ஒருமுறை அடித்தால் எல்லா வரிகளும் சேர்ந்து ஒருமுறை ஓடும். அடுத்த மணிக்கு மறுபடியும். இப்படிக் குறும்புக்காகவே மொழி படைப்பது புதிதல்ல; 1972இல் டான் வுட்ஸும் ஜேம்ஸ் லயனும் இன்டர்கால் என்று ஒன்றைச் செய்து தொடங்கிவைத்தார்கள்.

மூலம்:

முகப்பு: அ 0, ஆ 1
அ ← ஆ
ஆ ← அ + ஆ
காட்டு அ
அ > 50 எனில் நில்

முகப்பு: அ 0, ஆ 1

இது வரி அன்று. முதலில் இதையும் வரியாகத்தான் வைத்திருந்தேன். வரி என்றால் மணிதோறும் ஓட வேண்டுமே! ஒவ்வொரு மணிக்கும் ‘அ’வைப் பூச்சியமாக்க வந்து நின்று, கீழே உள்ளவற்றோடு மல்லுக்கட்டியது. ஆகவே வெளியே எடுத்துத் தலையில் வைத்தேன்.

அ ← ஆ
ஆ ← அ + ஆ

இவ்விரண்டையும் பிரித்து உரை சொல்ல வழியில்லை. அம்புக்கு வலப்பக்கம் இருப்பவை மணி அடிக்கும்முன் இருந்த மதிப்புகள். இடப்பக்கம், அடித்தபின் வரப்போகிறவை. 0, 1 என்று நின்றது 1, 1 ஆகும். பிறகு 1, 2. பிறகு 2, 3. பிறகு 3, 5. ஃபிபனாச்சி வரிசை. பழைய மதிப்பைப் பத்திரப்படுத்த மூன்றாவது பெட்டி தேவைப்படவில்லை.

இதே வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் ‘அ’வில் 1, 2, 4, 8 என இரட்டிப்புதான் வரும். சரி, இடம் மாற்றிப் போட்டால்? அப்போதும் 1, 2, 4, 8தான். நம்பாமல் தாளில் போட்டுப் பார்த்தேன். எந்த வரிசையிலும் கிடைக்காத விடை, வரிசையே இல்லாதபோது கிடைக்கிறது. சிப் வடிவமைக்கிறவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. சிப்பை விவரிக்கும் வெரிலாக் மொழியில் கடிகாரத் துடிப்புக்குக் காத்திருந்து எல்லாப் பதிவேடுகளும் ஒருசேர மாறும்படி எழுதுவது அவர்களுக்கு அன்றாட வேலை.

இங்கே ‘ஆ ← 7’ என்று இன்னொரு வரியைச் செருகினால் ‘ஆ’வுக்கு இரண்டு எசமானர்கள். கடைசியில் எழுதியது வெல்லும் என்று விதி வைக்கலாம். ஆனால் ‘கடைசி’ என்று சொன்ன கணமே, துரத்திவிட்ட வரிசை கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடும். இரண்டையும் கூட்டிவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அழகான யோசனை, பிழை தேடுகிறவனுக்கு நரகம். நான் மறுத்துவிட்டேன்: ஒரு பெயருக்கு ஒரு வரிதான், மீறினால் நிரல் ஓடாது. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் அடிமறிமாற்று என்று ஒன்று உண்டு. செய்யுளின் அடிகளை எங்கே மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது. ஒருங்கில் எழுதும் ஒவ்வொரு நிரலும் அப்படி இருந்தாக வேண்டும்.

காட்டு அ

பழைய ‘அ’வைத்தான் காட்டும், அதனால் முதலில் அச்சாவது 0. நிரலுக்கு ஒரு ‘காட்டு’ மட்டுமே. இரண்டு இருந்தால் திரையில் எது முன்னே என்ற சண்டை.

அ > 50 எனில் நில்

34க்கு அடுத்து 55. நில் என்கிற அதே மணியில் காட்டும் வரியும் ஓடுவதால் 55 அச்சாகியே தீரும். 34ஓடு நிற்க வேண்டுமானால் ‘ஆ > 50’ என்று எழுதுங்கள். இப்போதைய ‘ஆ’தானே அடுத்த மணியின் ‘அ’!

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது முறையல்ல. என் மடிக்கணினியில் இந்த வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. பழைய மதிப்புகளுக்கு ஓர் ஏடு, புதியவற்றுக்கு ஓர் ஏடு வைத்து, மணி அடித்ததும் ஏட்டை மாற்றிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.