ஓப்பீர்: வேதநூற் பெயரும் மலாக்கா மலையும்

ரெம்பியா முதல் ஜாசின் வரை வாழும் மலாக்கா மாநிலத் தமிழர்க்குக் குனோங் லேடாங் புதிய பெயரன்று. ஜொகூர் எல்லைக்குள் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் அம்மலையை ஆங்கிலேயர் ஓப்பீர் மலை என்றனர். ஓப்பீர், எபிரேய வேதநூலில் சாலோமோன் அரசன் பொன் பெற்ற நாட்டின் பெயராகும். அந்நாடு இதுதானா?

வேதநூலில் இச்சொல் மூவகையாக வழங்குகிறது. ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்தில் யோக்தானின் மக்களுள் ஒருவன் பெயர் ஓப்பீர். முதலாம் இராஜாக்கள் 9ஆம் அதிகாரத்தில், எசியோன்கேபேரிலிருந்து சென்ற கப்பல்கள் 420 தாலந்து பொன் கொணர்ந்த நாட்டின் பெயர் அது. யோபு 22ஆம் அதிகாரத்திலோ ஊர் மறைந்து, ஓப்பீர் என்பதே பொன்னைக் குறிக்கும் ஆகுபெயராகி நிற்கிறது. இஸ்ரேலில் தெல் காசிலே என்னுமிடத்தில் 1940களிற் கிடைத்த பானையோட்டிலும் ஓப்பீர்ப் பொன் 30 ஷெக்கேல் எனப் பொறிக்கப்பட்டுள்ளது. ஆதலின் அப்பெயர் வணிகத்திலும் வழங்கியது என்பது தெளிவு.

நாடு எங்குளது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆதியாகமப் பட்டியலில் ஓப்பீருக்கு முன்னும் பின்னும் சேபா, ஆவிலா என்னும் பெயர்கள் வருதலின், தென் அரேபியாவே அஃது என்பார் பலர். முதல் நூற்றாண்டினரான யோசேபசோ, அது இந்தியாவைச் சேர்ந்த பொன்னாடு என்றார். பின்வந்த தாலமி மலாயாத் தீபகற்பத்தைப் பொற்றீபகற்பம் என்றதால், இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தல் எளிதாயிற்று. மலையடிவாரத்தில் பொன் கிடைத்ததும் அதற்குத் துணையாயிற்று.

ஆயினும், மலாக்காவிற் பிறந்த எரேதியா 1613இல் எழுதிய நூலில் இம்மலையை உள்ளூர்ப் பெயராலேயே குறித்தார். மேலும், சுமத்திராவின் தலாமாவ் மலையையும் ஐரோப்பியர் ஓப்பீர் என்றே அழைத்தனர். ஒரு பெயர் இரு மலைகளுக்கு அமைந்தமை, அது தொல்வழக்கன்று, பொன்னைத் தேடியவர் இட்ட பெயர் என்பதையே காட்டுகிறது.

தமிழர்க்கும் இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. சாலோமோனின் கப்பல்கள் கொணர்ந்த மயிலைக் குறிப்பதாகக் கருதப்படும் துக்கி என்னும் எபிரேயச் சொல் தோகை என்பதன் திரிபு எனக் கால்டுவெல் 1856இல் எழுதினார். மயிலன்று, குரங்கு வகை என மறுத்தாரும் உளர். அச்சொல் வரும் 10ஆம் அதிகார வசனமோ தர்ஷீஸ் கப்பல்களைக் கூறுவதன்றி ஓப்பீரைக் கூறுவதன்று. தோகை மெய்யாயினும், அதனால் தமிழரோடு வாணிகத் தொடர்பு புலப்படுமேயன்றி ஓப்பீரின் இடம் புலப்படாது.

ஒலி ஒத்ததனால் ஊரும் ஒன்றாகிவிடாது. மலை நம் அயலில் நிற்கிறது. அதன் பழம்பெயர் லேடாங் என்பதே.