ஏட்டிலிருந்து அச்சுக்கு: இடைவெளியில் இழந்தவை

செயற்கை நுண்ணறிவைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமா என்னும் வினாவை இன்று பொறியியலாளரிடமும் பொருளியலாளரிடமும் கேட்கின்றோம். வரலாறு பயில்வோரிடம் அதனைக் கேட்பார் குறைவு. ஆயினும் தமிழ்மொழி இதற்கு முன்பே ஒருமுறை தன் உடலை முற்றிலும் மாற்றிக்கொண்ட மொழி. பனையோலையிலிருந்து தாளுக்கும், எழுத்தாணியிலிருந்து அச்செழுத்துக்கும் அது பெயர்ந்த கதையை அவையோர் முன் வைக்க விரும்புகின்றேன். அக்கதையில் இழப்பு எவ்விடத்தில் நேர்ந்தது என்பதை அறிந்துகொண்டால், இன்று எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது என்பது ஓரளவு தெளிவாகும்.

அச்சு தமிழுக்குத் திடீரென வந்து சேர்ந்ததன்று. 1578 இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூல் அச்சாயிற்று. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் அச்சகம் நடத்தினார். திருக்குறள் மூலம் 1812 இல் அச்சேறியது. 1835 இல் அச்சகக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர் நம்மவர் தடையின்றி அச்சகங்களை நிறுவத் தொடங்கினர். இத்தனைக்கும் பிறகு, எட்டுத்தொகை நூல்களுள் முதலாவதாகக் கலித்தொகை அச்சு வடிவம் பெற்றது 1887 இல், பதிப்பித்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. புறநானூறு 1894 இல் வந்தது, பரிபாடல் 1918 இல் வந்தது. கொல்லத்து நூலுக்கும் கலித்தொகைக்கும் இடையே 309 ஆண்டுகள் கடந்துவிட்டன.

இந்த நீண்ட இடைவெளியே நாம் உற்று நோக்க வேண்டியது. ஓலைச்சுவடி தானாக வாழும் பொருளன்று. ஈரமும் செல்லும் அதனைத் தின்னும். தலைமுறைதோறும் யாரேனும் ஒருவர் புதிய ஓலையைப் பதப்படுத்தி, அமர்ந்து, பழைய ஏட்டைப் பார்த்து எழுதினாலன்றி நூல் அடுத்த தலைமுறைக்குச் செல்லாது. பாடங்கேட்கும் மாணாக்கர் தமக்கு வேண்டிய சுவடியைத் தாமே எழுதிக்கொள்வதும் வழக்கமாயிருந்தது. கல்வியும் காப்பும் ஒரே செயலாக நடந்தன. அச்சுநூல் கைக்கு வந்ததும் அவ்வுழைப்பு தேவையற்றதாயிற்று. அச்சேறிய நூலுக்கு அதனால் தீங்கில்லை. அச்சேறாத நூலின் நிலைதான் இரங்கத்தக்கது. எழுதும் பழக்கம் நின்றபோது அதற்கும் சேர்த்தே நின்றது. அச்சகமோ அதனை இன்னும் அணுகவில்லை.

இதற்கு ஒரு சான்று போதும். உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றது 1871 முதல் 1876 வரை. அக்காலத்தில் திருவாவடுதுறை மடத்தில் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியின் ஏட்டைத் தாம் கண்டதாக அவர் பின்னாளில் எழுதினார். 1880 இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சந்தித்து, என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என வினவினார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை எனப் பட்டியல் நீண்டது. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று முதலியார் கேட்டபோது விடையில்லை. அவ்வினாவே ஐயரை ஏடு தேடும் பணியில் இறக்கியது. பின்னர் அவர் வளையாபதியைத் தேடியபோது அந்த ஏடு கிடைக்கவில்லை. இன்று நம்மிடம் இருப்பவை வேறு நூல்களில் மேற்கோளாகத் தங்கிய சில பாடல்களே.

அந்த ஏடு ஐயர் கண்ணில் பட்ட காலத்தில் தமிழகத்தில் அச்சகங்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் அவை நாள்தோறும் இயங்கிக்கொண்டிருந்தன. பஞ்சாங்கமும் பாடநூலும் புராணமும் கதைப்பாட்டும் அச்சாயின, ஏனெனில் அவற்றைக் கேட்பார் இருந்தனர். வளையாபதியைக் கேட்பார் இல்லை. ஒரு பெருங்காப்பியத்தை நாம் இழந்தது எந்திரத்தின் கொடுமையால் அன்று. அதனைக் காப்பாற்றும் கருவி கையெட்டும் தொலைவில் இருந்தபோதே, கேளாமையால் இழந்தோம். கரிவலம்வந்தநல்லூரில் கோயில் ஏடுகளைத் தேடிச் சென்ற ஐயருக்கு, பழைய ஏடுகளை ஆகம விதிப்படி தீயில் இட்டுவிட்டதாக விடை கிடைத்தது. இட்டவர்கள் தமிழுக்குப் பகைவர் அல்லர். சாத்திரம் சொன்னதைச் செய்தவர்கள்.

பழைய நூல்கள் மறைந்த பழி முழுவதையும் இந்த இடைவெளியின்மேல் ஏற்றுதல் முறையன்று. அச்சு வருமுன்பே மறைந்தவை பல. அச்சினால் வந்த நன்மையும் சிறிதன்று. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் அருகியிருந்தது; சொற்களுக்கு இடையே வெளியும் இல்லை. அச்சு இவ்விரண்டையும் நிலைநிறுத்தி, ஆசிரியர் துணையின்றியே படிக்கத்தக்கதாகத் தமிழை மாற்றியது. ஏடெழுதிப் பிழைத்தோர் தொழில் இழந்தனர் என்பதும் உண்மை. அவர்தம் துயரை எழுதிவைக்க எவரும் முன்வரவில்லை. இன்று மொழிபெயர்ப்பாளரும் மெய்ப்புத் திருத்துநரும் கொண்டுள்ள கவலையை வெறும் பழைமைப் பற்று என்று தள்ளுவோர் இதனை நினைவிற் கொள்க.

இதே இடைவெளியை நம் காலத்தில், இவ்வட்டாரத்திலேயே மறுமுறை கண்டோம். கணினியில் தமிழை ஏற்றும் முயற்சியில் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியும் மலேசியாவின் முத்து நெடுமாறனும் முன்னோடிகளாய் நின்றனர். 1997 இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. அந்நாளில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனக் குறியேற்றம் ஒன்றை வைத்திருந்தது. ஒன்றில் தட்டெழுதியது மற்றொன்றில் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியலாகத் தோன்றும். பின்னர் ஒருங்குறி பரவி அக்குழப்பம் தீர்ந்தது. ஆயினும், மாற்றப்படாத கோப்புகள் அப்படியே நின்றுவிட்டன. என் மேசையறையிலும் அத்தகைய நெகிழ்வட்டுகள் சில கிடக்கின்றன. நானே எழுதியவை, இன்று என்னால் படிக்க இயலாதவை. நூறாண்டு ஓலையை விளக்கெண்ணெய் தடவி விரித்துவிடலாம். இவை முப்பதாண்டுகூட ஆகாதவை!

இனி இன்றைய எந்திரத்துக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகள் பெருந்தொகையான எழுத்தைப் படித்து, எச்சொல்லுக்குப்பின் எச்சொல் வரும் என்னும் வழக்கத்தைக் கற்பவை. அவை கற்பது மின்வடிவில் உள்ளதை மட்டுமே. அந்நாளைய அச்சகத்தைப் போலவே, கைக்கு எட்டுவதை அவை பெருக்கும். எட்டாததைத் தேடிச் செல்லா. அவை கற்கும் தொகுதியில் ஆங்கிலத்தோடு ஒப்பிடத் தமிழ் மிகச் சிறுபங்கு. அதிலும் தோட்டப்புறத்துப் பாடலும் வானொலி நாடகமும் கோயில் குடமுழுக்கு மலரும் எத்துணை இருக்கும்? இவ்வட்டாரத் தமிழ் வாழ்ந்த இடங்கள் அவையல்லவா?

ஏட்டுக்கும் இவ்வெந்திரத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எனக்கு உண்மையில் அச்சம் தருவது அதுவே. ஏட்டில் செல்லரித்த இடம் செல்லரித்ததாகவே தெரியும். நல்ல பதிப்பாசிரியர் அவ்விடத்தில் புள்ளிகளை இட்டு வெறுமையைக் காட்டுவார். இரண்டு ஏடுகள் வேறுபட்டால் பாடபேதம் எனக் குறிப்பார். புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் இல்லை என்பதை எண்ணே நமக்குச் சொல்கின்றது. மொழி மாதிரியோ புள்ளியிட்டு நிறுத்துவது அரிது. அறியாத பாடலைக் கேட்டால், ஓசையும் சொல்லும் பொருந்துவது போன்ற வரிகளை இயற்றி, புலவர் பெயரும் பாட்டெண்ணும் சேர்த்துத் தந்துவிடக்கூடும். ஏடெழுதுவோர் செய்த பிழை தடுமாறிய பிழை. கற்றவர் கண்ணில் உறுத்தும். இது வழவழப்பான பிழை. மூலத்தைக் கண்டறியாத மாணவருக்கு இரண்டும் ஒன்றே. அவ்வரிகள் இணையத்தில் பரவி, அடுத்த மாதிரி அவற்றையே படித்துக் கற்குமாயின், இழந்த இடம் எது என்பதையும் இழந்துவிடுவோம்.

ஆகவே எந்திரம் நம்மினும் அறிவில் விஞ்சுமா என்பதை மற்றவர் ஆராயட்டும். மொழியைப் பேணுவோர் முதலிற் கேட்க வேண்டியது, இன்னும் கைமாறாதவை எவை என்பதே. இந்நகரில் மகுதூம் சாயபு 1887 முதல் 1890 வரை நடத்திய சிங்கை நேசன் இதழை இன்று நம்மால் எடுத்துப் படிக்க முடிகின்றது. அதற்கு முன் வெளிவந்த சிங்கை வர்த்தமானியோ நமக்குப் பெயராகவே எஞ்சியுள்ளது. 2015 இல் நிறைவுற்ற தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் ஐம்பதாண்டுச் சிங்கப்பூர் இலக்கியத்தை மின்வடிவில் கொணர்ந்தது. அதற்குக் கூடி உழைத்தவருள் தன்னார்வலரே பலர். அத்திட்டத்துக்கு வெளியே கிடப்பவை ஆலய அலுவலகங்களின் அலமாரிகளிலும், மன்றச் செயலர்களின் வீட்டுப் பரண்களிலும், கேட்க ஒலிநாடாக் கருவி இல்லாத ஒலிநாடாக்களிலும் உள்ளன. அவற்றை வைத்திருப்போருள் பலர் எண்பது அகவையைக் கடந்தவர்கள். இவ்வவையில் அமர்ந்திருப்போர் வீடு திரும்பியதும் அவர்களுள் ஒருவரிடம், இராமசுவாமி முதலியார் கேட்டது போல, உங்களிடம் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள்.