மாண்டிசோரியின் குழந்தைகள் இல்லம்

ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று தொடங்கிய மழலையர் பள்ளி. பெற்றோர் வேலைக்குப் போனபின் கேட்பாரற்றுத் திரிந்த சிறுபிள்ளைகளுக்காக அது திறக்கப்பட்டது. மழலையரின் குணத்தை அறிவுரையைவிட அன்றாடப் பழக்கமே உருவாக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று அரிது.

ஒருநாள், சத்தமில்லாமல் மூக்குச் சிந்துவது எப்படி என்று மாண்டிசோரி கைக்குட்டையோடு செய்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மூக்குச் சிந்துவது பற்றி ஓயாமல் திட்டு வாங்கியவர்களுக்கு, அதுவரை யாரும் அதைப் பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை. நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்துவது, கதவை மெல்லச் சாத்துவது, வந்தவரை வரவேற்பது எல்லாம் இப்படித்தான் பாடங்களாயின.

மாண்டிசோரி வகுப்பில் ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எடுத்த பிள்ளை வேலையை முடித்து, அதை இருந்த இடத்தில் திரும்ப வைக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். பொறுமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே பொறுமையைப் பழக்கும் இந்த ஏற்பாடுதான் அம்முறையின் ஆகச் சிறந்த கூறு. பரிசும் தண்டனையும் கைவிடப்பட்டன.

வீட்டுக்கும் பொறுப்பு இருந்தது. பிள்ளையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும், வாரம் ஒருமுறையாவது தாய் ஆசிரியையைச் சந்தித்துப் பேசலாம் என்பது விதி.

1939இல் சென்னைக்கு வந்த மாண்டிசோரி, அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குத் தம் முறையில் பயிற்சி அளித்தார்.