வெளிச்செல்லும் மின்னஞ்சலில் அடையாளச் சரிபார்ப்பு

தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊராகும். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின் ஏலம் இங்கு நடைபெறுகிறது. இத்தகைய வணிகத்தில் விலைப்பட்டியலும் வங்கிக் கணக்கு விவரமும் மின்னஞ்சலில் செல்வதுண்டு. வணிகர் பெயரில் வேறொருவர் தம் கணக்கு எண்ணை எழுதி அனுப்பினால், சரக்குக்கான பணம் அவரிடம் போய்ச் சேரும். அஞ்சலை அனுப்புபவர் யார் என்பதைச் சரிபார்க்கும் முறைகள் இதனால் முக்கியத்துவம் பெறுகின்றன. மின்னஞ்சல் தோன்றியபோது இவை இருக்கவில்லை.

தொடக்கக் காலம்

மின்னஞ்சலை அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் வெளியிட்டார். அப்போது இணையத்தில் இருந்தோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளர்களுமே. அஞ்சலட்டையில் அனுப்புநராக யார் பெயரையும் எழுதலாம் என்பதுபோல, இங்கும் எந்த முகவரியையும் இடலாம். யார் கொடுத்த அஞ்சலையும் வாங்கி அனுப்பும் வழங்கிகள் பல இருந்தன. இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் குப்பை அஞ்சல் அனுப்புவோர் இவற்றைப் பயன்படுத்திக்கொண்டனர். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொது இணையச் சேவையைத் தொடங்கியது.

கடவுச்சொல் வந்தது

1998இல் பயனர்கள் அஞ்சலை ஒப்படைக்க 587 என்ற தனி வாயில் வரையறுக்கப்பட்டது. 1999இல் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முறை எஸ்எம்டிபியில் சேர்ந்தது. கடவுச்சொல் வழியில் களவு போகாதிருக்க இணைப்பை மறையாக்கமும் செய்ய வேண்டும். இவை சேர்ந்து, ஒரு வழங்கி தன் பயனருக்கு மட்டும் அஞ்சல் அனுப்பித் தர உதவுகின்றன.

களப்பெயருக்குச் சான்று

ஆயினும் மோசடிக்காரர் தம் சொந்த வழங்கியிலிருந்து பிறர் களப்பெயரில் அனுப்புவதை இது தடுக்காது. அதற்கு மூன்று முறைகள் பின்னர் வந்தன.

எஸ்பிஎஃப் (2006): இக்களப்பெயருக்காக எந்த வழங்கிகள் அஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல்.
டிகிம் (2007): அஞ்சலில் இடப்படும் மின்முத்திரை. கையெழுத்திட்ட பகுதி வழியில் திருத்தப்பட்டால் முத்திரை பொருந்தாது.
டிமார்க் (2015): இவ்விரண்டும் அனுப்புநராகத் தெரியும் களப்பெயரோடு பொருந்தாவிட்டால், அஞ்சலைக் கண்காணிப்பதா, ஒதுக்குவதா, நிராகரிப்பதா என்ற அறிவிப்பு.

இவற்றுக்கான பதிவுகளைக் களப்பெயர் அமைப்பில் உரிமையாளரே இட வேண்டும். முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, முறையான அஞ்சல்கள் தடைபடவில்லை என உறுதிசெய்த பின் நிராகரிப்புக்கு மாறுவது நல்லது. 2024 பிப்ரவரி முதல், பெருமளவில் அஞ்சல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகுளும் யாகூவும் கட்டாயமாக்கின.

சரிபார்ப்பின் எல்லை

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் முதன்மைக் களப்பெயரை, அதன் பதிவு நிறுவனம் 2018 செப்டம்பர் 24 அன்று முடக்கியது. ஜோஹோ அஞ்சல் கணக்குகள் மோசடிக்குப் பயன்படுவதாக வந்த புகார்களே காரணம். சிலரின் செயலால் எல்லாப் பயனர்களும் பாதிக்கப்பட்டனர்.

முறையாகக் கணக்கு தொடங்கி, சரியான கடவுச்சொல்லுடன் நுழைந்தும் ஒருவர் மோசடி அஞ்சல் அனுப்ப முடியும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. அஞ்சல் எந்தக் களப்பெயரிலிருந்து வந்தது என்பதையே சரிபார்ப்பு சொல்லும். அனுப்பியவர் நேர்மையானவரா என்பதைச் சொல்லாது. ஆகவே, வங்கிக் கணக்கு மாறியதாக அஞ்சல் வந்தால், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் கேட்டறிந்த பின்னரே பணம் அனுப்ப வேண்டும்.